நாடாளுமன்றம் பேசாவிட்டால் யார் பேசுவது?

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாளை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. கடல் பெருக்கெடுத்திருந்த வேளை அது. மித்தி ஆற்று நீர் மாஹிம் கழிமுகத்தில் இறங்க வழியின்றித் தேங்கி, தாராவிக்கும் சயானுக்கும் குர்லாவுக்கும் உள்ளே புகுந்தது. மாடி உள்ளவர் வீட்டில் மாடி இல்லாதவர் தங்கினோம். ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நின்றோம். மகாராஷ்டிர மாநிலத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரை கடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், ஏறக்குறைய 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினார்கள். மும்பையில் இருந்த நாம் ஊருக்குத் தொலைபேசி போட்டுப் பார்த்தோம். மணி அடிக்கவே இல்லை.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழைக்க வந்த ஊரில் 94 சென்டிமீட்டர். பிறந்த ஊரில் 95 சென்டிமீட்டர். தண்ணீருக்கு இரண்டு ஊரும் ஒன்றுதான்.

ஒரு மழையை வைத்துக்கொண்டு உலகத்தின் பருவநிலையே மாறிவிட்டது என்று முடிவு கட்டுவது அவசரம் என்பதை நாம் அறிவோம். பம்பாயிலும் நெல்லையிலும் முன்பும் பெருமழை பெய்ததுண்டு. வடிகால் அடைபட்டதும், ஆற்றங்கரை ஆக்கிரமிக்கப்பட்டதும், அலையாத்திக் காடுகள் அழிந்ததும் சேதத்தைப் பெருக்கின என்பதும் உண்மை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும் என்பது இயற்பியல். சுமந்த நீரைக் காற்று எங்கேயாவது கொட்டத்தான் வேண்டும். அது கொட்டும் இடங்களில் மாடியில்லாத வீடுகள் யாருடையவை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையையும் நாம் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தத் தண்ணீரைப் பற்றிய முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன, யாரைக் கேட்டு எடுக்கப்படுகின்றன என்பதே இன்றைய நம் கேள்வி.

ஓர் உறுப்பினர் எழுப்பிய விவாதம்

2021 டிசம்பரில் மக்களவையில் பருவநிலை மாற்றம் பற்றி ஒரு விவாதம் நடந்தது. அதைத் தொடங்கி வைத்தவர் தூத்துக்குடி உறுப்பினர் கனிமொழி. அவர் எந்தக் கட்சி, அந்தக் கட்சியைப் பற்றி நம் எண்ணம் என்ன என்பது இங்கே பொருளல்ல. ஒரு கடற்கரைத் தொகுதியின் பிரதிநிதி, அவை இதைப் பேச வேண்டும் என்று கேட்டார்; அவை பேசியது. சரியாக இரண்டு ஆண்டுகளில் அதே டிசம்பரில் அவர் தொகுதிக்குள்தான் காயல்பட்டினமும் ஸ்ரீவைகுண்டமும் மூழ்கின.

அந்த விவாதத்தினால் என்ன விளைந்தது என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அது மக்களவை விதி 193-இன் கீழ் நடந்த குறுகிய கால விவாதம். அந்த விதியின் கீழ்ப் பிரேரணை கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. உறுப்பினர்கள் பேசுவார்கள், அமைச்சர் பதில் சொல்வார், அவை அடுத்த அலுவலுக்குப் போய்விடும். எந்த அரசும் எதற்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. வாக்கெடுப்போடு பேச வேண்டுமானால் விதி 184 இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்க எந்த ஆளுங்கட்சியும் எளிதில் சம்மதிப்பதில்லை. நேற்றைய ஆளுங்கட்சியும் அப்படித்தான். இன்றைய ஆளுங்கட்சியும் அப்படித்தான்.

வெளியே வாக்குறுதி, உள்ளே மௌனம்

அந்த விவாதத்துக்கு ஒரு மாதம் முன்பு என்ன நடந்தது என்பதையும் நினைவுபடுத்துகிறோம். 2021 நவம்பர் 1-ஆம் நாள் கிளாஸ்கோ நகரில், 2070-க்குள் இந்தியா நிகரக் கரி உமிழ்வை இல்லாமற் செய்யும் என்று பிரதமர் அறிவித்தார். அன்று நாடாளுமன்றம் கூடியிருக்கவில்லை. குளிர்காலக் கூட்டத் தொடர் நவம்பர் 29-இல்தான் தொடங்கியது. அதாவது, நாட்டின் அரை நூற்றாண்டுக் கால நிலக்கரியையும் மின்சாரத்தையும் வேலைவாய்ப்பையும் தொடுகின்ற ஒரு வாக்குறுதியை முதலில் உலகம் கேட்டது. பிறகுதான் நம் உறுப்பினர்கள் அவைக்கு வந்தார்கள்.

அதற்கு முன்பு பாரிஸ் ஒப்பந்தம். 2016 ஏப்ரல் 22-இல் இந்தியா கையெழுத்திட்டது. அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளன்று, ஏற்புப் பத்திரம் ஐக்கிய நாடுகள் சபையில் தாக்கலானது. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லை.

இது சட்ட விரோதமா? இல்லை. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 14-ஆவது இனம், அயல்நாடுகளோடு ஒப்பந்தம் செய்வதை மத்தியின் பொறுப்பாக்கியிருக்கிறது. 73-ஆவது ஷரத்து அந்தத் துறையில் நிர்வாகத்துக்கு அதிகாரம் தருகிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் தேவைப்பட்டால் 253-ஆவது ஷரத்தின்படி நாடாளுமன்றம் இயற்றலாம். ஆனால் ஒப்பந்தம் செய்வதற்கு முன்னால் நாடாளுமன்றத்தைக் கேட்கவேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. அதை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றலாம். எழுபத்தைந்து ஆண்டுகளாக இயற்றவில்லை. நீதியரசர் வெங்கடாசலய்யா தலைமையில் அமைந்த அரசியல் சட்டச் செயற்பாட்டு மறுஆய்வு ஆணையம் 2002-இல் இப்படி ஒரு சட்டம் தேவை என்று பரிந்துரைத்தது. பரிந்துரை அலமாரிக்குப் போயிற்று.

கிளாஸ்கோவில் சொன்னது தவறு என்றோ, பாரிஸில் கையெழுத்திட்டது தவறு என்றோ நாம் சொல்லவில்லை. சரியான முடிவாகவே இருக்கட்டும். சரியான முடிவை மக்களின் பிரதிநிதிகள் முன்பு வைத்து நியாயம் சொல்ல ஏன் தயங்க வேண்டும்?

1974 சொல்லும் பாடம்

இதில் தமிழர்களுக்குத் தனிப் பாடம் ஒன்று உண்டு. 1974-ஆம் ஆண்டு கோடையில் இந்திய அரசு இரண்டு அண்டை நாடுகளோடு இரண்டு எல்லை உடன்பாடுகள் செய்தது. மே மாதம் வங்கதேசத்தோடு நில எல்லை உடன்பாடு. ஜூன் மாதம் இலங்கையோடு பாக் நீரிணைக் கடல் எல்லை உடன்பாடு. இரண்டாவதன்படி கச்சத்தீவு எல்லைக்கு அப்பால் போயிற்று.

ஜூன் மாதம் கையெழுத்தான உடன்பாட்டைப் பற்றி வெளிவிவகார அமைச்சர் சுவரண் சிங் மக்களவையில் அறிக்கை படித்தது ஜூலை 23-இல். இரா. செழியன் எழுந்து எதிர்த்தார். இராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவர் எதிர்த்தார். முடிந்துபோன காரியத்தைப் பற்றி அவர்கள் பேசவேண்டியிருந்தது. வெளிநடப்புச் செய்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடா எல்லை பற்றிய உடன்பாடும், இரு நாட்டு மீனவரும் மற்றவர் கடலில் மீன் பிடிப்பதில்லை என்ற கடிதப் பரிமாற்றமும் நடந்தபோது அந்த எதிர்ப்புக்கும் இடமில்லை. அது நெருக்கடி நிலைக் காலம். தமிழ்நாட்டில் ஜனவரி 31-ஆம் நாளே ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது.

வங்கதேச உடன்பாடு வேறு வழியில் போயிற்று. பெருபாரி வழக்கில் 1960-இல் உச்ச நீதிமன்றம், நாட்டின் நிலத்தைப் பிற நாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று கூறியிருந்தது. ஆகவே நாடாளுமன்றத்துக்கு வந்தாக வேண்டியிருந்தது. வந்து சேர 41 ஆண்டுகள் ஆயின. இடையிலே எல்லைத் திட்டுகளில் வாழ்ந்த மக்கள் எந்த நாட்டின் குடிகள் என்று தெரியாமல் பட்ட துன்பம் சிறிதல்ல. அந்தத் தாமதத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 2015 மே மாதம் நூறாவது திருத்தம் இரண்டு அவைகளிலும் ஒருமனதாக நிறைவேறியபோது விவகாரம் முடிந்தது.

கச்சத்தீவு விவகாரம் முடிந்ததா? அது சர்ச்சைக்குரிய இடம்தான், இந்திய நிலம் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்பது அரசு சொன்ன வாதம். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2024 தேர்தலில், யார் அன்று என்ன அறிந்திருந்தார், யார் வாய் மூடியிருந்தார் என்று பெரிய கட்சிகள் மேடைக்கு மேடை மோதிக்கொண்டன. அன்றே அவையில் முழுமையாகப் பேசி, ஆவணங்களை மேசையில் வைத்து, வாக்கெடுத்திருந்தால் இந்த மோதலுக்கு இடமே இல்லை. யார் என்ன சொன்னார் என்பது அவைக்குறிப்பில் இருந்திருக்கும். இந்தச் சண்டையில் இராமேசுவரம் மீனவனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை.

மூன்று மறுப்புகள்

வெளிநாட்டு விவகாரம் ரகசியமானது, சந்தைக் கடை போல அவையில் பேசலாமா என்பார்கள். 1962-ஐ அவர்களுக்கு நினைவூட்டுவோம். சீனப் படை எல்லைக்குள் வந்திருந்த நேரம். மாநிலங்களவையின் இளம் உறுப்பினர் வாஜ்பாயி முதலானோர் நாடாளுமன்றத்தை முன்கூட்டியே கூட்டுங்கள் என்று வற்புறுத்தினார்கள். நவம்பர் 8-ஆம் நாள் அவை கூடியது. ரகசிய அமர்வாக நடத்தலாம் என்ற யோசனையை நேரு ஏற்கவில்லை. ஒரு வாரம் உறுப்பினர்கள் பேசினார்கள். பிரதமரின் கொள்கையைக் கடுமையாகத் தாக்கியவர்களும் பேசினார்கள். எல்லையில் துப்பாக்கி முழங்கிக்கொண்டிருந்தபோதே பேச முடிந்த அவையில், மழையையும் வெயிலையும் பற்றிப் பேச ரகசியம் தடையா? பேச்சுவார்த்தை மேசையில் கையிலுள்ள சீட்டைக் காட்ட வேண்டாம். எந்த எல்லைக்குள் பேசப் போகிறோம் என்பதையாவது நாட்டுக்குச் சொல்லலாம் அல்லவா?

இரண்டாவது மறுப்பு கனமானது. இந்தப் புகையைக் கக்கியது பணக்கார நாடுகள். இந்தியரின் தலைக்கு விழும் கரி உமிழ்வு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. நாம் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும் என்று கேட்கிறார்கள். எண்ணிக்கை சரிதான். மொத்தக் கணக்கில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து நாம் மூன்றாவது என்பதும் சரிதான். நியாயம் நம் பக்கம் பெரிதும் இருக்கிறது என்பதே நம் கருத்தும். 2020-க்குள் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர் தருவோம் என்று 2009-இல் கோபன்ஹேகனில் சொன்னவர்கள், அந்தத் தொகையை எட்டியது 2022-இல்தான் என்று அவர்களுடைய அமைப்பே கணக்குக் காட்டியது. 2024 நவம்பரில் பாக்கு நகரில் 2035-க்குள் ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி டாலர் என்று முடிவு செய்தபோது, அது போதாது என்று இந்தியப் பிரதிநிதி அரங்கிலேயே ஆட்சேபித்தார். சரியான ஆட்சேபம். ஆனால் அது ஓர் அதிகாரியின் குரலாக ஒலித்தது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கட்சி வேறுபாடின்றி நிறைவேற்றிய தீர்மானம் ஒன்று அந்தப் பிரதிநிதியின் கையில் இருந்திருந்தால் அந்தக் குரலின் எடையே வேறு. நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்பவர்கள்தான் முதலில் விவாதம் கேட்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பைச் சொல்பவர்கள் அமெரிக்காவைக் காட்டுகிறார்கள். 1997-இல் அங்கே செனட் சபை 95-க்கு 0 என்று ஒரு தீர்மானம் போட்டது. வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு இல்லாத ஒப்பந்தத்தில் சேரக் கூடாது என்பது அதன் சாரம். கியோட்டோ உடன்பாடு அங்கே செனட்டின் வாசலையே மிதிக்கவில்லை. அவையைக் கேட்டால் காரியம் கெடும் என்பதற்கு இதுவே சாட்சி என்கிறார்கள். கெடலாம், மறைக்க மாட்டோம். ஆனால் அவையைக் கேட்காத வழியில் போன பாரிஸ் ஒப்பந்தத்துக்கு அங்கே என்ன ஆயிற்று? ஒரு தலைவர் சேர்ந்தார், அடுத்தவர் விலகினார், அதற்கடுத்தவர் 2021-இல் மீண்டும் சேர்ந்தார், 2025 ஜனவரியில் மீண்டும் விலகும் ஆணை பிறந்தது. ஒருவர் கையெழுத்தில் நிற்பது இன்னொருவர் கையெழுத்தில் விழும். பிரிட்டனில் 2008-இல் நாடாளுமன்றமே பருவநிலைச் சட்டம் இயற்றியது. 2010 முதல் ஒப்பந்தங்களை ஏற்பதற்கு முன் 21 அமர்வு நாட்கள் அவையின் முன் வைக்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம். ஆட்சிகள் மாறிய பின்னும் அந்தச் சட்டங்கள் நிற்கின்றன.

நம் நாட்டிலும் அவை வெறுமனே இருந்துவிடவில்லை. 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டின் முடிவுகளை நிறைவேற்றவே 1981-இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டமும், 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தன. அதே வழி பருவநிலைக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் தனிச் சட்டம் இல்லை. 2024-இல் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படும் உரிமை 14, 21-ஆவது ஷரத்துகளில் அடங்கியது என்று கூறியபோது, இப்படி ஒரு முழுமையான சட்டம் இல்லாததையும் எடுத்துக் காட்டியது. நாடாளுமன்றம் பேசாத இடத்தில் நீதிமன்றம் பேச வேண்டியதாயிற்று.

நமக்கு இதில் என்ன?

எட்டு மணி நேரம் வெயிலில் சுமை தூக்குபவருக்கும், சாலை போடுபவருக்கும், கட்டடத்தில் கம்பி கட்டுபவருக்கும் இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் முதலிய இறக்குமதிகளுக்குக் கரி எல்லை வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2023 அக்டோபரில் கணக்குக் கேட்டது. 2026 ஜனவரி முதல் அதைக் கட்டணப் பொறுப்பாக ஆக்கியது. ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் எஃகு ஆலைகளை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பிரஸ்ஸல்ஸில் எடுத்த முடிவு ஆலை வாசலுக்கு வந்து நிற்கிறது. பருவநிலையும் வெளிநாட்டு விவகாரமும் இன்று இரண்டு பொருள் அல்ல.

புலம் பெயர்ந்து வந்த நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஊரில் மழை பொய்த்தாலும், மிஞ்சினாலும், அடுத்த ரயிலில் தாதரிலும் குர்லாவிலும் வந்து இறங்குபவர் நம் உறவினரே. வந்து இறங்கும் இடமும் கடல் மட்டத்தில் இருக்கும் தாழ்ந்த நிலம். இப்படி இடம் பெயர்ந்து வருபவருக்கு வாக்கு ஓரிடத்தில், வாழ்க்கை ஓரிடத்தில். ஊர் உறுப்பினர் நம்மை மறந்துவிடுகிறார். இந்த ஊர் உறுப்பினர் நம்மை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஆகவே நாம் கேட்டால்தான் உண்டு.

நாம் கேட்பது

நம் கோரிக்கைகள் வானத்தை வில்லாய் வளைப்பவை அல்ல.

முதலாவது: ஒவ்வொரு கூட்டத் தொடரிலும் ஒரு முழு நாள் பருவநிலைக்கும் வெளிநாட்டுக் கொள்கைக்கும் ஒதுக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அது வாக்கெடுப்போடு கூடிய பிரேரணையாக இருக்க வேண்டும். நாள் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். முதல் மக்களவை 677 நாட்கள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த பதினேழாவது மக்களவை 274 நாட்களே கூடியது. நாள் இல்லாமற் போனது எப்படி என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது: ஒப்பந்தங்களை ஏற்பதற்கு முன் அவையின் மேசையில் வைத்து, குழுவின் ஆய்வுக்கு அனுப்ப வகை செய்யும் சட்டம். அவசர காலத்துக்கு விதிவிலக்கு இருக்கட்டும். விதிவிலக்கே விதியாகி விடக்கூடாது.

மூன்றாவது: கடலோர மாநிலங்களைப் பாதிக்கும் உடன்பாடுகளில் அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்து முன்கூட்டியே கேட்கப்பட வேண்டும். கச்சத்தீவு தந்த பாடம் இதுதான்.

தனி உறுப்பினர் கொண்டுவரும் முயற்சி வீண் என்று சோர்ந்து போக வேண்டாம். தனி உறுப்பினர் மசோதா கடைசியாகச் சட்டமானது 1970-இல் என்பது மெய்யே. ஆனால் 2015-இல் திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை மாநிலங்களவை ஏற்றது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. எனினும் அரசு அந்தப் பொருளில் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அரசின் சட்டத்தில் குறைகள் உண்டு என்று உரியவர்களே சொன்னார்கள். ஆனால் ஒரு மனிதர் எழுந்து நின்றதால் நாடு ஒரு பொருளைப் பேசத் தொடங்கியது.

மும்பை மாநகரில் ஆறு மக்களவைத் தொகுதிகள் இருக்கின்றன. ஆறு உறுப்பினர்களுக்கும் வாசகர்கள் தனித்தனியே கடிதம் எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். தமிழில் எழுதுங்கள், மராத்தியில் எழுதுங்கள், தெரிந்த மொழியில் எழுதுங்கள். மூன்று கோரிக்கைகளையும் எழுதி, 2005-இல் உங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். ஊரில் உள்ள அண்ணன் தம்பிகளைக் கொண்டு அங்குள்ள உறுப்பினருக்கும் எழுதச் செய்யுங்கள். பதில் வந்தால் நமக்கு அனுப்புங்கள், வெளியிடுவோம். பதில் வராவிட்டாலும் எழுதுங்கள். எவரெவர் பதில் தரவில்லை என்பதையும் வெளியிடுவோம்.